நஷ்டம் யாருக்கு?

(கரூரில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணத்தைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவர் எப்படி உருவாகிறார் என்று பேசச் சொன்னார்கள். எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் வாங்காமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி எழுதுகிறவள் நான். அப்படிப்பட்டவருக்கு என்ன படிப்பு வேண்டும், என்ன பின்புலம் வேண்டும், எதிலெல்லாம் ஆர்வம் வேண்டும்? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. எந்தப் பங்கை வாங்கலாம் என்று இவள் சொல்லிவிட்டுப் போவாள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதை நான் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கரூரில் நின்று பணத்தைப் பற்றிப் பேசத் துணிச்சல் வேண்டும். 1916-இல் கரூர் வைஸ்யா வங்கி, 1926-இல் லட்சுமி விலாஸ் வங்கி என்று பத்தாண்டு இடைவெளியில் இரண்டு வங்கிகளைப் பெற்ற ஊர் இது. நூலும் துணியும் கொசுவலையும் பஸ் பாடியும் இந்த ஊரின் தொழில். கடன் கொடுப்பது, வாங்குவது, வசூலிப்பது எதையும் உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வியை உங்கள் முன்னால் வைக்க வேண்டும். பணத்தைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவரும் பேனாவை எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. ஒரு திட்டம் பொய்த்துப்போனால் நஷ்டம் யாருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பட்டம் வேண்டுமா? நம் முன்னோடி ஒருவரைப் பார்ப்போம். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1855-இல் திருவையாற்றில் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1878-இல் 'தி இந்து' இதழைத் தொடங்கிய இளைஞர்களில் ஒருவர். 1882-இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். 1903-இல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரப் போக்குகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். நிலவரியைப் பற்றி எழுதினார், பஞ்சத்தைப் பற்றி எழுதினார், கைத்தொழில் அழிவதைப் பற்றி எழுதினார். அவர் எந்த வங்கியில் வேலை பார்த்தார்? எந்தக் கம்பெனியில் கணக்கெழுதினார்? எதிலும் இல்லை. அரசாங்கம் வெளியிட்ட எண்களை எடுத்து, அந்த எண்களால் ஏழையாகிறவன் யார் என்று கேட்டார். தமிழ்நாட்டில் நிதி எழுத்தின் வேர் பங்குச் சந்தையில் இல்லை, இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த நூல் வந்த மூன்றாவது ஆண்டு, 1906 அக்டோபரில், சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி, பழைய பெயர், பெரிய மனிதர்கள். அரசு ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் கைம்பெண்களும் நம்பிப் போட்டிருந்த பணம் அதில் இருந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்குப் போனது போனதுதான். நம்முடைய பணத்துக்கு நம்முடைய வங்கி வேண்டும் என்ற வேகம் அந்த அடியில் பிறந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்நிற்க, 1907-இல் இந்தியன் வங்கி உருவானது.

பணம் பறிபோனதால் எழுத வந்த ஒருவரைப் பார்க்க இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபோது கணவரை இழந்த ஒரு தாய் 30,000 டாலரைப் பறிகொடுத்தார். அவருடைய மகள் ஹன்டர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பணம் எங்கே போனது, எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று பொருளாதாரத்துக்கு மாறினார். அவர்தான் சில்வியா போர்ட்டர். 1935-இல் 'நியூயார்க் போஸ்ட்' நாளிதழில் எழுதத் தொடங்கினார். எஸ். எஃப். போர்ட்டர் என்றுதான் கையெழுத்து. ஏன்? பணத்தைப் பற்றிப் பெண் எழுதினால் யார் நம்புவார்கள் என்று அந்தக் காலம் நினைத்தது. எழுதுகிறவர் ஆண்தான் என்று நினைத்துப் பெரிய பெரிய வங்கிக்காரர்கள் அந்தப் பத்தியைப் படித்தார்கள். 1942-இல் பத்திரிகையே அவர் படத்தைப் போட்டு உண்மையைச் சொன்னது. 1960 நவம்பரில் 'டைம்' இதழின் அட்டையில் அவர் இருந்தார். வருமான வரி, வீட்டுக் கடன், காப்பீடு என்று ஒரு குடும்பம் மாதாமாதம் தொட்டுப் பார்க்கிற விஷயங்களைத்தான் வாழ்நாள் முழுக்க எழுதினார். இங்கே இடமில்லாமல் பின்னால் நிற்கிற கல்லூரி மாணவிகளுக்காகத்தான் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.

நம் நாட்டிலும் ஒரு பெண் உண்டு. 1992 ஏப்ரல் 23-ஆம் தேதி 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் சுசேதா தலால் எழுதிய செய்தி வந்தது. ஹர்ஷத் மேத்தா என்ற தரகர், வங்கிகளுக்குள் நடக்கும் அரசுக் கடன்பத்திர வியாபாரத்தில் புகுந்து, வங்கிப் பணத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோன கதை வெளியே வந்தது. நாடே அந்த மனிதரைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. சந்தை ஏறிக்கொண்டே இருந்தது, கேள்வி கேட்பவர் பொறாமைக்காரர் என்று பெயர் வாங்கிய காலம். சுசேதா தலால் படித்தது என்ன? புள்ளியியலும் சட்டமும். எண்ணும் தெரியும், விதியும் தெரியும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் இந்தத் தொழிலில் பல் முளைக்கும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், தலைப்பு அப்படி.

நான் வங்கிக் கிளை ஒன்றில் கிளார்க்காக இருந்தவள். அதற்கும் முன்னால் என் பள்ளிக்கூடம் எங்கள் வீடு. தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு நிதி நிறுவனம் முளைத்ததை இங்கே இருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி, இரண்டரை வட்டி என்று போர்டு தொங்கும். என் அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதியை அப்படி ஒரு நிறுவனத்தில் போட்டார். அதன் பெயர் இங்கே வேண்டாம். போடுவதற்கு முன்பு அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "ஏங்க, அவங்களுக்கு மட்டும் எங்கிருந்துங்க இவ்வளவு வட்டி வரும்?" அப்பா பதில் சொல்லவில்லை. நிறுவனம் பூட்டிய பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. புதிதாகப் பணம் போடுகிறவனின் முதலைத்தான் பழையவனுக்கு வட்டியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மா கேட்ட அந்தக் கேள்வியைவிடச் சிறந்த நிதி ஆய்வை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை. முதலீட்டாளர்களைக் காப்பாற்ற என்று தமிழ்நாடு அரசு 1997-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், எத்தனை வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருப்பார்கள்!

சட்டம் வந்தது. ஏமாற்று நின்றதா? பக்கத்து ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழி வந்தது. குஞ்சு தருகிறோம், கொட்டகை போட்டுத் தருகிறோம், வளர்ப்புக்கு மாதாமாதம் பணம், ஆண்டுக்கு ஊக்கத்தொகை என்றார்கள். சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் சிரித்தார்கள். 2012-இல் எல்லாம் கவிழ்ந்தது. படித்தவர்களும் போட்டார்கள், நகையை அடகு வைத்தும் போட்டார்கள். நான் கேட்கிறேன், ஈமு கறியை அன்று நம் ஊர்களில் யார் வாங்கினார்கள்? எந்தச் சந்தையில் விலை போனது? அம்மாவின் கேள்விதான் மறுபடியும். அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

வங்கிக் கவுன்டரில் நான் கண்டது வேறொரு பாடம். ஒரு வயதான அம்மாள் வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வருவார். அவர் கையெழுத்துப் போடும் தாள்களுக்கு நடுவில் ஒரு காப்பீட்டு விண்ணப்பமும் இருக்கும். கிளைக்கு இலக்கு, அதிகாரிக்கு இலக்கு. அடுத்த ஆண்டு அந்த அம்மாள் பணம் எடுக்க வரும்போது, "இன்னும் நாலு வருஷம் பிரீமியம் கட்டணும் பாட்டி" என்பார்கள். "நான் ஃபிக்சட்ல தானே சாமி போட்டேன்" என்று அவர் கேட்பார். அந்தக் குரலுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிகிற இடத்துக்குப் போக வேண்டும் என்றுதான் எழுத வந்தேன்.

எழுத வந்தவளுக்கு முதல் கருவி கணக்கு. பெரிய கணக்கு வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும். ஒன்றைப் போட்டுக் காட்டட்டுமா?

தண்டல் உங்களுக்குத் தெரியும். பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் 8,500 தருவார்கள். தினமும் நூறு ரூபாய், நூறு நாள். "என்னம்மா, நூத்துக்குப் பதினஞ்சு வட்டிதானே" என்பார் காய்கறிக் கடைக்காரர். அப்படியா? அவர் 8,500 ரூபாயை நூறு நாளும் வைத்திருந்தாரா? இல்லையே! முதல் நாளே நூறு ரூபாய் திரும்பிப் போய்விட்டது. ஐம்பதாவது நாளில் பாதியைக் கட்டி முடித்துவிட்டார். சராசரியாக அவர் கையில் நின்ற பணம் நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. நுணுக்கமாகக் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு நூற்றுக்கு 33 பைசா வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு! பதினைந்து என்று அவர் நினைத்தது நூற்றிருபது.

சரி, அது தெருவில் நடப்பது, குளிர்சாதன அறையில் அப்படி நடக்காது என்கிறீர்களா? வண்டிக் கடனில் பிளாட் ரேட் 12 விழுக்காடு என்கிறார்கள். ஒரு லட்சம் கடன், ஓராண்டு, மாதம் 9,333 ரூபாய். ஆண்டு முடிவில் 1,12,000 கட்டியிருப்பீர்கள். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்ததே! குறைகிற அசலுக்கு வட்டி பார்த்தால் அது 21 விழுக்காட்டுக்கு மேல். வீட்டுக் கடன்காரன் ஒன்பது என்று சொல்வதும் வண்டிக் கடன்காரன் பன்னிரண்டு என்று சொல்வதும் ஒரே அளவுகோல் அல்ல. இதைச் சொல்வது யார் வேலை? விற்கிறவர் சொல்வாரா? சொல்ல மாட்டார். அப்படியானால் எழுதுகிறவர் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். ஒரு லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் இருபத்தைந்து ஆண்டு விட்டுவைக்கிறீர்கள். ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்ந்தால் 17 லட்சம் ஆகும். 11 விழுக்காடு வளர்ந்தால் பதின்மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். வெறும் ஒரு விழுக்காடுதான் கட்டணம் என்று சொல்கிறவர் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது எவ்வளவு? ஏறத்தாழ மூன்றரை லட்சம். போட்டது ஒரு லட்சம்! இடைத்தரகர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்களை 2013 ஜனவரி முதல் எல்லா மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களும் தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதி கொண்டுவந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்து, ஆலோசனை தேவைப்பட்டு, கட்டணம் கொடுத்துத் தரகர் வழியாகவே போட்டால் அது உங்கள் முடிவு. தெரியாமல் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது இந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். இதைப் பேசாமல் கரூரை விட்டுப் போனால் என் மனம் ஒப்பாது.

2020 நவம்பர் 14 தீபாவளி. மூன்றே நாளில், 17-ஆம் தேதி மாலை செய்தி வருகிறது. லட்சுமி விலாஸ் வங்கியில் வாடிக்கையாளர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. கார்த்திகை பிறந்துவிட்டது, கல்யாண வீடுகள் காத்திருக்கின்றன. ஏடிஎம் வாசலில் வரிசை நிற்கிறது. பத்து நாள் கழித்து, 27-ஆம் தேதி, வங்கி டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. வைப்பு வைத்திருந்தவர் பணம் ஒரு காசு குறையவில்லை. மூச்சு வந்தது. ஆனால் பங்கு வைத்திருந்தவர்? முழுப் பங்கு மூலதனமும் தள்ளுபடி. நூறு பங்கு வைத்திருந்தவருக்கும் பூஜ்யம், லட்சம் பங்கு வைத்திருந்தவருக்கும் பூஜ்யம். 318 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வாங்கியிருந்தவர்களுக்கும் பூஜ்யம்.

ஒரே வங்கி. ஒரே இரவு. ஒருவருக்கு முழுப் பணம், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. ஏன்? வைப்பு வைத்தவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். பங்கு வாங்கியவர் வங்கியின் உடைமையாளர். லாபம் வந்தால் உடைமையாளருக்கு எல்லையில்லை, நஷ்டம் வந்தால் முதலில் போவதும் அவர் பணம்தான். இது சட்டம், இதில் அநியாயம் என்று கத்துவதற்கு இடம் குறைவு. என் ஆதங்கம் வேறு. நம் ஊர் வங்கி, தாத்தா வாங்கிய பங்கு, வைப்புத்தொகை போலத்தானே என்று பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை யார் சொன்னார்கள்?

அறிகுறி இல்லாமல் இல்லை. 2017-18, 2018-19, 2019-20 என்று மூன்று நிதியாண்டும் தொடர்ந்து நஷ்டம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உடனடித் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் அதைச் சேர்த்தது. அடுத்த மாதமே, வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்றோடு இணையும் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. 2020-இல், வங்கி கொடுத்திருந்த கடனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வராக்கடனாக நின்றது. அந்த செப்டம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களே நிர்வாக இயக்குநர் உள்பட ஏழு இயக்குநர்களை வேண்டாம் என்று வாக்களித்து அனுப்பினார்கள். இவை எல்லாமே பொதுவெளியில் இருந்தன. ரகசியம் ஒன்றுமில்லை. ஆண்டறிக்கையில் இருந்தது, ஆங்கில நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் இருந்தது. கரூர் கடைவீதியில் பேசிக்கொள்கிற தமிழில், தலைப்பிட்டு, "இந்தப் பங்கு வைத்திருக்கிறீர்களா, இதைப் படியுங்கள்" என்று வந்ததா? போதுமான அளவு வரவில்லை. அங்கேதான் எங்கள் தொழிலுக்கு வேலை இருக்கிறது. உளவு பார்ப்பது வேண்டாம், யாருடைய அலமாரியையும் திறக்க வேண்டாம். அச்சில் இருப்பதைப் படித்து, அதனால் இழக்கக்கூடியவர் காதில் விழும்படி உரிய நேரத்தில் சொன்னால் போதும்.

வைப்புத்தொகையாவது எப்போதும் பத்திரமா? 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 1962-இல் வைப்புக் காப்பீடு நம் நாட்டுக்கு வந்தது. அன்று அதன் உச்சவரம்பு 1,500 ரூபாய். 1993 முதல் ஒரு லட்சம். 2020 பிப்ரவரி முதல் ஐந்து லட்சம். ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, எல்லாக் கிளைகளையும் கூட்டி ஐந்து லட்சம். இந்த ஒரு வரியைச் சமையல்கட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

இனி இளைஞர்களுக்கு ஒரு செய்தி. கைபேசியைத் திறந்தால் காரில் சாய்ந்துகொண்டு ஒருவர், ஆப்ஷன் வியாபாரத்தில் மாதம் லட்சம் என்கிறார். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில், ஆப்ஷனும் அடங்கிய பங்கு முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் காரில் இருப்பவர் நூற்றில் ஏழு பேரில் ஒருவரா? அல்லது உங்களுக்குப் பயிற்சி வகுப்பு விற்று வாங்கிய காரா அது? கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

இதே கேள்வியை என்னையும் கேட்க வேண்டும். நான் எதில் சம்பாதிக்கிறேன்? கட்டுரைக் கூலியில். அது குறைவு, தாமதமாக வரும், சில சமயம் கேட்டு வாங்க வேண்டும். சேமநல நிதி கிடையாது, தீபாவளி போனஸ் கிடையாது. இந்த இடத்தில்தான் சோதனை வரும். "மேடம், விளம்பரம்னு போட வேண்டாம், கட்டுரை மாதிரி எழுதிக் கொடுங்க, பத்து மடங்கு தர்றோம்" என்று அழைப்பு வரும். வந்திருக்கிறது. இணைப்பைப் போட்டால் போதும், அதை அழுத்தி எத்தனை பேர் கணக்கு ஆரம்பிக்கிறார்களோ அதற்குத் தகுந்த கமிஷன் என்பார்கள். இதனால்தான், சுதந்திரமாக எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது நடைமுறையான ஒன்று. ஆறு மாதக் குடும்பச் செலவை வங்கியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு எழுத வாருங்கள். மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த மாத வாடகைக்கு அல்லாடுகிறவரால் அந்த அழைப்புக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் நேர்மைக்குக் கையிருப்பு வேண்டும்.

நான் பங்குப் பெயர் சொல்லாததற்கும் காரணம் இதுதான். முதலீட்டு ஆலோசனை சொல்லச் செபியில் பதிவு பெற வேண்டும், 2013 முதல் அதற்கு விதி இருக்கிறது. நான் பதிவு பெற்றவள் அல்ல. அதைவிட முக்கியம், நான் சொன்ன பங்கு விழுந்தால் நஷ்டம் உங்களுக்கு. எனக்கு ஒரு ரூபாய் குறையாது. தனக்கு நஷ்டமில்லாத இடத்தில் நின்றுகொண்டு அடுத்தவர் பணத்துக்கு யோசனை சொல்வது தகாது என்று நினைக்கிறேன்.

ஆர்வங்கள் என்று தலைப்பில் இருக்கிறது. பணத்தை எழுதப் பணத்தை மட்டும் படித்தால் போதுமா? போதாது. மழை பெய்கிறதா என்று பார்க்க வேண்டும், மழைக்கும் நகைக்கடன் மீட்புக்கும் தொடர்பு உண்டு. நூல் விலை ஏறினால் இந்த ஊரில் எத்தனை தறி நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டும் வாரத்தில் அடகுக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். எனக்குப் பழைய ஆண்டறிக்கைகளைப் படிப்பது பிடிக்கும். முன்பக்கத்துத் தலைவர் உரையைவிடப் பின்பக்கத்துத் தணிக்கையாளர் குறிப்பு பிடிக்கும், நிறுவனம் மூச்சு வாங்குவது அங்கேதான் கேட்கும். நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிப்பேன். வாரச் சந்தையில் பேரம் பேசுவதைக் கேட்பேன். பேருந்தில் பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள் தீபாவளிச் சீட்டைப் பற்றிப் பேசினால் இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் உட்கார்ந்து கேட்பேன். மகளிர் குழுக் கூட்டத்தில் கணக்கு நோட்டை வாசிக்கிற பெண்ணுக்கு இருக்கிற தெளிவு பல பட்டதாரிகளுக்கு இல்லை என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

என்னருமை மாணவிகளே, உங்களிடம்தான் கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்தில் எழுதப்படாத கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. பஸ் பாடிக் கூடத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்கிறவருக்குச் சேமநல நிதி உண்டா என்று யாராவது எழுத வேண்டும். நகைச் சீட்டுக்கும் பதிவு பெற்ற ஏலச்சீட்டுக்கும் சட்டத்தில் என்ன வேறுபாடு என்று எழுத வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் ரத்தானால் தைக்கிற பெண்ணின் வாரக்கூலி எந்த வாரம் குறைகிறது என்று எழுத வேண்டும். வணிகவியல் படிக்கிறவர் மட்டும்தான் எழுத வேண்டும் என்பதில்லை. தமிழ் இலக்கியம் படிக்கிறவரும் எழுதலாம், கணிதம் படிக்கிறவரும் எழுதலாம். உங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஒரு காப்பீட்டுப் பத்திரத்தை இன்றிரவு எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை படியுங்கள். இதுவரை கட்டிய பணம் எவ்வளவு, இன்று நிறுத்தினால் கைக்கு வருவது எவ்வளவு என்று இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள். அதை உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி இந்த வாசகர் வட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். வட்டத்து நண்பர்கள் அதை எனக்கு அனுப்பிவைப்பார்கள். ஒவ்வொன்றையும் படித்துத் திருத்தி அனுப்புவது என் பொறுப்பு.